மணமுறிவு புதியதா? தமிழ்நாட்டில் விவாகரத்தின் வரலாறும் காரணங்களும் விளைவுகளும்

விவாகரத்து பெருகிவிட்டது என்ற கவலை இன்று பொதுமேடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஒன்றுபோலக் கேட்கிறது. அந்தக் கவலைக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. முன்பெல்லாம் தாலி கட்டினால் சாகும்வரை சேர்ந்து வாழ்ந்தார்கள். மணத்தை முறிக்கும் பழக்கம் படிப்போடும் வேலையோடும் சட்டத்தோடும் வெளியிலிருந்து வந்தது என்பதே அது. இதற்கு எதிர்க்குரலும் பழையதுதான். விடுபடும் உரிமை இல்லாத மணம் பெண்ணுக்கு அடிமைத்தனமே என்ற வாதம் 1920களிலேயே தமிழில் ஓங்கி ஒலித்தது. இவ்விரு குரல்களுக்கும் இடையே இனவரைவியலாளர்களும் சட்ட அறிஞர்களும் மக்கள்தொகை ஆய்வாளர்களும் பொருளியலாளர்களும் வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கிறார்கள்.

அந்த விடைகளை இக்கட்டுரை மூன்று கேள்விகளின்கீழ் தொகுத்துப் பார்க்கிறது. மணமுறிவு நமக்குப் புதியதா? அது ஏன் நிகழ்கிறது? நிகழ்ந்தபின் யாருக்கு என்ன ஆகிறது? கவனம் பெரும்பாலும் தமிழ்நாட்டு இந்துக்களின் மேல்தான். பிற சமயச் சட்டங்களும் இலங்கைத் தமிழர் வழக்கமும் வெளிநாட்டு ஆய்வுகளும் ஒப்புநோக்கத் தேவைப்படும் இடங்களில் மட்டும் வருகின்றன.

நூல் சொன்ன மணமும் ஊர் நடத்திய மணமும்

மணம் ஒரு சடங்குப் பந்தம், அது அறாது என்பது தரும சாத்திரங்களின் முதன்மையான நிலைப்பாடு. விற்றாலும் விலக்கினாலும் மனைவி கணவனிடமிருந்து விடுபடுவதில்லை என்கிறது மனுஸ்மிருதி. ஆனால் கணவன் வேறொருத்தியை மணக்கத் தடையில்லை என்பதால், அறாமை என்னும் விதி நடைமுறையில் மனைவியை மட்டுமே கட்டியது. சாத்திரங்களும் ஒரே குரலில் பேசவில்லை. கணவன் காணாமற்போதல், இறத்தல், துறவு பூணுதல், ஆண்மையின்மை, சாதியிலிருந்து விலக்கப்படுதல் ஆகிய ஐந்து இடர்களில் பெண் வேறு கணவனைக் கொள்ளலாம் என்று நாரத ஸ்மிருதியும் பராசர ஸ்மிருதியும் இடம் தருகின்றன. ஒருவரையொருவர் வெறுக்கும் தம்பதியர் பிரியலாம் என்று அர்த்தசாஸ்திரம் சொல்லிவிட்டு, உயர்வாகக் கருதப்பட்ட நான்கு வகை மணங்களுக்கு அந்த வழியை அடைத்துவிடுகிறது.

தமிழ் இலக்கியத்தில் பிரிவு உண்டு; பிரிந்த பெண்ணின் மறுமணம் அரிது. பெரியபுராணத்தில் காரைக்கால் அம்மையாரின் கணவன் அவரை விட்டு நீங்கிப் பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் வேறு பெண்ணை மணந்துகொள்கிறான். அம்மையாரோ பேயுருவம் வேண்டிப் பெற்று இறைவழி செல்கிறார். இத்தகைய கதைகளைக் கொண்டு அக்காலத்து மக்கள் எல்லோருடைய வாழ்க்கையையும் அளந்துவிட முடியாது. அவை பெரும்பாலும் வணிகக்குடி, உயர்குடி இலட்சியத்தைப் பேசுபவை.

ஊர் வழக்கத்தைக் காட்டும் சான்றுகள் வேறு படத்தைத் தருகின்றன. எட்கர் தர்ஸ்டன் 1909இல் 7 தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில், பஞ்சாயத்தார் முன்னிலையில் மணத்தைத் தீர்த்துவிடும் வழக்கம் பல சாதியாரிடம் இருந்தது பதிவாகியிருக்கிறது. கள்ளர்களிடையே சாதியார் முன்னே துரும்பு கொடுத்து மணத்தை முறிக்கும் வழக்கத்தை அவர் குறிப்பிடுகிறார். பெண் பழைய தாலியை நீக்கி வேறொருவனை மணக்கும் அறுத்துக்கட்டும் வழக்கமும் பல சமூகங்களில் இருந்தது. 1949–50இல் மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துமோனும் மணமுறிவும் மறுமணமும் அங்கே இயல்பாக நடந்ததைப் பதிவுசெய்தார். பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, இருவர் சம்மதத்தோடு மணத்தை முடித்துக்கொள்ளும் சாதி வழக்கத்தில் ஒழுக்கக்கேடு ஏதுமில்லை என்று சென்னை உயர்நீதிமன்றமே 1894இல் ஏற்றுக்கொண்டது.

இச்சான்றுகளுக்கும் எல்லை உண்டு. தர்ஸ்டனின் தகவல்கள் பெரும்பாலும் வழக்கம் இன்னது என்று பிறர் சொல்லக் கேட்டு எழுதப்பட்டவை; நூற்றுக்கு எத்தனை மணம் முறிந்தது என்பதை அவை சொல்வதில்லை. பஞ்சாயத்தில் ஆணும் பெண்ணும் சமமாகப் பேச முடிந்ததா என்பதும் ஐயத்துக்குரியது. அறுத்துக்கட்டிய மணம் முதல் மணத்துக்கு ஈடாக மதிக்கப்படாத இடங்களும் உண்டு. எனவே பழைய வழக்கத்தைப் பெண்விடுதலையின் பொற்காலமாகச் சித்திரிப்பதும் பிழையாகும்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: வரலாறு ஒரே திசையில் நகரவில்லை. சமூகப் படிநிலையில் உயர விரும்பிய சாதிகள் மேற்சாதி ஒழுக்கங்களைத் தமதாக்கிக்கொண்ட போக்கை எம். என். சீனிவாஸ் விரிவாக ஆராய்ந்தார். மறுமணத்தையும் மணமுறிவையும் கைவிடுவது அந்தப் போக்கின் ஓர் அடையாளமாக இருந்தது. பல குடும்பங்களில், இக்காலத்தில் கேட்கும் விவாகரத்துக்கு முன்னே பழைய வழி ஒன்று அடைபட்டிருக்கிறது. பிற ஆசியச் சமூகங்களிலும் இதற்கு இணை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலாய் முஸ்லிம்களிடையே மிக உயர்வாக இருந்த மணமுறிவு விகிதம், கல்வியும் மணவயதும் உயர உயரக் குறைந்ததை மக்கள்தொகையியலாளர் கவின் ஜோன்ஸ் காட்டினார். மெய்ஜி காலத்து ஜப்பானிலும் உயர்ந்திருந்த விகிதம் பின்னர் இறங்கியது. நவீனமானால் மணம் முறியும் என்ற பொதுவிதி இங்கே பொருந்தவில்லை.

நீதிமன்றமும் சீர்திருத்தக் குரலும்

காலனிய ஆட்சி மணமுறிவைக் கொண்டுவந்தது என்பது பாதி உண்மை. 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கானது. அதிலும் கணவன் மனைவியின் பிறன்மனை உறவை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ அதோடு கொடுமை, கைவிடுதல் போன்ற வேறொன்றையும் சேர்த்து நிரூபிக்கவேண்டும். இந்த வேற்றுமை 2001வரை நீடித்தது. காலனிய நீதிமன்றங்கள் மனைவியைக் கணவன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் ஆங்கிலேயத் திருச்சபைச் சட்டத்தின் ஏற்பாட்டையும் இந்துக்களுக்குப் பொருத்தின. சிறுவயதில் கட்டிவைக்கப்பட்ட கணவனோடு வாழ மறுத்த பம்பாயின் ருக்மாபாய், 1887இல் கணவனிடம் போவதைவிடச் சிறைக்குப் போகத் தயார் என்று நின்றார். அயலார் சட்டம் மணத்தைத் தளர்த்தியது போலவே சில இடங்களில் இறுக்கவும் செய்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இக்கேள்வியை அறக்கேள்வியாக மாற்றியது சுயமரியாதை இயக்கம். 1929இல் செங்கல்பட்டில் கூடிய மாநாடு, ஆணும் பெண்ணும் மணவாழ்விலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை பெறவேண்டும் என்று தீர்மானித்தது. பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கல்யாண விடுதலைக்கே தனி அத்தியாயம் உண்டு. அந்நூல் சொத்துரிமையையும் மறுமணத்தையும் அதனோடு சேர்த்தே பேசுகிறது. விடுபடும் உரிமையும் விடுபட்டபின் வாழும் வழியும் ஒன்றையொன்று சார்ந்தவை என்ற இந்தப் பார்வைதான் பிற்காலச் சட்டங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போனது.

சென்னை மாகாணம் 1949இல் இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்குக்கு வழிசெய்யும் சட்டம் இயற்றியது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா விவாதத்தில், இந்து மணத்தின் புனிதம் கெட்டுவிடும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். இந்துக்களில் மிகப் பெரும்பான்மையோரிடம் மணவிலக்கு வழக்கமாகவே இருக்கும்போது, சிறுபான்மையினரின் நெறியை எல்லோர்மீதும் சுமத்தலாமா என்று அம்பேத்கர் கேட்டார். புனிதம் என்று காக்கப்பட்டது யாருடைய வழக்கம் என்பதை அக்கேள்வி வெளிப்படுத்தியது.

குற்றம், சம்மதம், முறிவு

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் குற்றம் என்ற அடிப்படையில் எழுந்தது. ஒருவர் தவறியிருந்தால் மற்றவருக்கு விலக்கு கிடைக்கும். கொடுமையும் கைவிடுதலும் முதலில் நீதிமன்றப் பிரிவினைக்கு மட்டுமே காரணமாயின. 1976ஆம் ஆண்டின் திருத்தமே அவற்றை விவாகரத்துக்கும் காரணமாக்கியது. பரஸ்பர சம்மத விவாகரத்தும் அப்போதுதான் வந்தது. குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984இல் வந்தது. இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு பழைய வழக்கத்தின்படியான மணவிலக்கையும் விட்டுவைத்திருக்கிறது. ஆனால் அந்த வழக்கம் தம் சமூகத்தில் உண்டு என்பதை வழக்காடுபவரே நிரூபிக்கவேண்டும். முத்திரைத்தாளில் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்துகொண்டவர்கள் பின்னால் சிக்கலில் மாட்டுவது இதனால்தான்.

மீளமுடியாதபடி மணம் முறிந்துபோனதையே காரணமாக ஏற்கலாம் என்பது மூன்றாவது நிலைப்பாடு. சட்ட ஆணையம் 1978இல் இதைப் பரிந்துரைத்தது. உச்சநீதிமன்றம் 2006இல் வலியுறுத்தியது. 2013இல் மாநிலங்களவை நிறைவேற்றிய மசோதா சட்டமாகாமலே காலாவதியானது. 2023 மே மாதம் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, 142ஆம் உறுப்பின்கீழ் இக்காரணத்துக்காக மணத்தை முடித்துவைக்கும் அதிகாரம் தனக்கு உண்டு என்றது. குடும்ப நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை.

மூன்றிலும் குறை உண்டு. குற்றமுறை, பிரிய விரும்பும் இருவரைக் குற்றம் சுமத்திக்கொள்ளத் தள்ளுகிறது. சம்மதமுறையில் மறுப்பவர் கையில் பேரம் பேசும் வலிமை சேர்கிறது. முறிவுமுறையைப் பெண்ணுரிமை அமைப்புகள் பலவும் தயக்கத்தோடு பார்த்தன. சொத்தில் பங்கு தராமல் வெளியேறும் வழியை மட்டும் எளிதாக்கினால், கைவிடும் கணவனுக்கே அது உதவும் என்பது அவர்கள் அச்சம்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் விவாகரத்தானோர் ஏறத்தாழ 13.6 லட்சம் பேர்; தீர்ப்பின்றிப் பிரிந்து வாழ்வோர் ஏறத்தாழ 35 லட்சம் பேர். இத்தரவை ஆராய்ந்து 2016இல் கட்டுரை வெளியிட்ட சூரஜ் ஜேக்கப், ஸ்ரீபர்ணா சட்டோபாத்யாய் இருவரும் மணமானோரோடு ஒப்பிட்டு இவற்றை முறையே 0.24, 0.61 விழுக்காடு என்று கணித்தனர். வடகிழக்கு மாநிலங்களில் விகிதம் உயர்ந்தும் வட மாநிலங்கள் பலவற்றில் தாழ்ந்தும் இருக்கிறது. நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே பொதுவாக நம்பப்படும் அளவுக்கு வேறுபாடு இல்லை. இரு பிரிவிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஆண்கள் மறுமணம் செய்துகொள்வது இதற்கு ஒரு காரணமாகலாம்.

இதில் கவனிக்கவேண்டியது விவாகரத்தின் எண்ணிக்கையைவிடப் பிரிவின் எண்ணிக்கை. தீர்ப்புப் பெற்றவர்களைப்போல இரண்டரை மடங்குக்கு மேற்பட்டோர் சட்டத்தின் கண்ணில் மணமானவர்களாகவும் வாழ்வில் தனித்தவர்களாகவும் இருக்கிறார்கள். களங்கத்துக்கு அஞ்சி மணமானவர் என்றே பதிந்துகொண்டவர்களை எந்தக் கணக்கும் காட்டாது. நீதிமன்றங்களில் குவியும் மனுக்களைக் கொண்டு பெருக்கத்தை அளப்பதிலும் சிக்கல் உண்டு. ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு, சேர்ந்து வாழக் கோரும் வழக்கு எல்லாம் குடும்ப நீதிமன்றத்துக்கே வருகின்றன; ஒரே குடும்பம் மூன்று வழக்குகளில் இடம்பெறலாம்.

காரணங்கள்: நான்கு விளக்கங்கள்

முதல் விளக்கம் மதிப்பீடுகளின் சரிவு. பொறுமை குறைந்தது, மேற்கத்திய மோகம் கூடியது என்பது இதன் சாரம். தனிமனித மகிழ்ச்சிக்கு மணத்தில் கூடுதல் இடம் வந்திருக்கிறது என்ற அளவில் இதில் உண்மை இருக்கலாம். ஆனால் ஊர்ப் பஞ்சாயத்தில் மணத்தைத் தீர்த்துக்கொண்ட மூதாதையரை இதனால் விளக்க முடியாது. பொறுமை என்று புகழப்பட்டதில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு வழியின்மை என்பதையும் இது பிரித்துப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, பெண்ணின் பொருளாதாரத் தற்சார்பு. கேரி பெக்கரும் அவருடைய கூட்டாளிகளும் 1977இல் முன்வைத்த பொருளியல் கோட்பாடு இதன் செல்வாக்குமிக்க வடிவம்: சேர்ந்திருப்பதன் பயன் குறையும்போது முறிவு கூடும். வருமானம் மணத்தை முறிப்பதில்லை, ஏற்கெனவே முறிந்த மணத்திலிருந்து வெளியேற வழிதருகிறது என்பது இதற்கான மறுப்பு. தமிழ்நாட்டில் வயலிலும் கட்டட வேலையிலும் கூலி வாங்கிய பெண்கள் பன்னெடுங்காலமாக இருக்கிறார்கள். அவர்களுடைய சமூகங்களில்தான் மறுமணமும் தடையின்றி நடந்தது. இது கோட்பாட்டுக்கு ஓரளவு வலுச்சேர்க்கிறது. தற்சார்பு நேற்று வந்தது என்ற எண்ணத்தையோ இது தகர்க்கிறது.

மூன்றாவது, சட்டம் எளிதானதே காரணம் என்பது. அமெரிக்க மாநிலங்களில் ஒருதரப்பு விவாகரத்து வந்தபின் விகிதம் திடீரென உயர்ந்து, ஏறத்தாழ பத்தாண்டுகளில் அந்த உயர்வு பெரிதும் கரைந்ததை ஜஸ்டின் வோல்ஃபர்ஸ் 2006இல் காட்டினார். தேங்கியிருந்த முறிவுகள் வெளிப்பட்டன, புதியவை அதே அளவில் உருவாகவில்லை என்று இதைப் படிக்கலாம். பெட்ஸி ஸ்டீவன்சனோடு சேர்ந்து அதே ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வில், அச்சட்டங்களுக்குப் பின் பெண்களின் தற்கொலை 8 முதல் 16 விழுக்காடு வரையிலும் குடும்ப வன்முறை ஏறத்தாழ 30 விழுக்காடும் குறைந்ததாக மதிப்பிட்டார். வெளியேற முடியும் என்ற நிலையே, வெளியேறாதவர்களின் வாழ்வையும் மாற்றுகிறது. இம்முடிவுகளைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. இங்கே வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும்போது சட்டம் எளிது என்பதே கேள்விக்குரியது.

நான்காவது விளக்கம் மணத்துக்குள்ளேயே பார்க்கிறது: வன்முறை, குடி, வரதட்சணை, மாமியார் வீட்டுத் தலையீடு. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகத் தெரிவித்தனர். ஆனால் வன்முறை இவ்வளவு பரவியிருக்க, முறிவு ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்விக்கு இவ்விளக்கம் மட்டும் விடையாகாது. கணவனின் பெற்றோரிடமிருந்து அவனைப் பிரிக்க மனைவி வற்புறுத்துவதைக் கொடுமையாக 2016இல் உச்சநீதிமன்றம் ஏற்றது. கொடுமை என்பதன் எல்லையே காலந்தோறும் மாறுவதை இது காட்டுகிறது. பெண்களைக் காக்க இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 2024வரை இருந்த 498ஏ பிரிவு பேரத்துக்குப் பயன்பட்டது என்ற குற்றச்சாட்டும் இங்கே எழுகிறது. கைதுகளைக் கட்டுப்படுத்தி 2014இல் உச்சநீதிமன்றம் அளித்த நெறிமுறைகள் அக்குற்றச்சாட்டுக்குச் செவிசாய்த்தன. ஆனால் நிரூபிக்கப்படாத வழக்கையும் பொய் வழக்கையும் ஒன்றாக எண்ணுவது ஆய்வுநெறி ஆகாது.

விளைவுகள்: பெண்ணும் குழந்தையும்

விவாகரத்துக்குப் பின் பெண்களின் வாழ்க்கைத்தரம் 73 விழுக்காடு வீழ்கிறது என்று லெனோர் வைட்ஸ்மன் 1985இல் கலிஃபோர்னியாவை வைத்து எழுதினார். அதே தரவை மறுபடி கணக்கிட்ட ரிச்சர்ட் பீட்டர்சன் 1996இல் அதை 27 என்று திருத்தினார். திருத்திய எண்ணும் சிறிதன்று. அக்கணக்கில் ஆண்களின் தரமோ சற்றே உயர்ந்தது. இந்தியாவில் நிலை இன்னும் கடினம். மணக்காலத்தில் சேர்த்த சொத்தில் மனைவிக்கு உரிய பங்கு என்ற ஏற்பாடு, கோவாவின் குடிமைச் சட்டம் நீங்கலாக, இல்லை. வீட்டு வேலையில் கழிந்த ஆண்டுகளுக்கு ஈடாகக் கிடைப்பது ஜீவனாம்சம். அதையும் தீர்ப்பு வாங்கியபின் துரத்தி வசூலிக்கவேண்டும். போட்ட நகையும் சீர்வரிசையும் திரும்புவது பல வழக்குகளில் தனிப்போராட்டம். பிரிந்த பெண்களில் பெரும்பாலோர் பிறந்த வீட்டையே சார்ந்திருப்பதைக் கீர்த்தி சிங்கின் 2013 ஆய்வு காட்டுகிறது. தங்கை கல்யாணம் தடைப்படும் என்ற பேச்சும் அந்த வீட்டிலேயே அவர்களுக்குக் காத்திருக்கிறது.

சொத்துப் பங்கு தமிழ் மரபுக்கு அயலானது என்று சொல்ல இடமில்லை. 1707இல் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத் தேசவழமையில், சீதனம் பெண்ணின் உடைமை. மணவாழ்வில் சேர்ந்த தேடியதேட்டம் இருவருக்கும் பொது. பிற்காலச் சட்டங்கள் அதன் தன்மையை மாற்றின என்றாலும் கருத்து மரபுக்குள்ளே இருந்ததுதான். அதே இலங்கைத் தமிழர்களுக்கு விவாகரத்தோ 1907ஆம் ஆண்டின் பொதுச் சட்டத்தின்கீழ் குற்றத்தை நிரூபித்தே கிடைக்கிறது; கண்டிச் சிங்களருக்கு 1952ஆம் ஆண்டின் சட்டம் சம்மதத்தாலும் விலக அனுமதிக்கிறது.

குழந்தைகளைப் பற்றி இரண்டு மரபுகள் மோதுகின்றன. 1971இல் கலிஃபோர்னியாவில் 60 குடும்பங்களைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கிய ஜூடித் வாலர்ஸ்டைன், காயம் முதிர்வயதிலும் தொடர்கிறது என்றார். அவரிடம் முறியாத குடும்பங்களின் தக்க ஒப்பீட்டுக் குழு இல்லை என்பது முக்கியக் குறை. ஏறத்தாழ 1,400 குடும்பங்களை ஆராய்ந்த மேவிஸ் ஹெதரிங்டன், விவாகரத்தான குடும்பத்துக் குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேருக்கும் மற்றக் குடும்பங்களில் நூற்றுக்கு 10 பேருக்கும் கடும் சிக்கல்கள் இருந்ததாகக் கண்டார். இடர் கூடுகிறது என்பது உண்மை. பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகிறார்கள் என்பதும் உண்மை. ஓயாத சண்டை நடந்த வீட்டுக் குழந்தைக்குப் பிரிவு நன்மையாகவும், அமைதியாகத் தெரிந்த மணம் முறியும்போது தீமையாகவும் அமையலாம் என்று பால் அமாட்டோவின் ஆய்வுகள் காட்டின. கூட்டுக் குடும்பமும் தாய்மாமன் உறவும் வலுவாக உள்ள தமிழ்ச் சூழலுக்கு இவை எவ்வளவு பொருந்தும் என்பது இங்கே நடத்தவேண்டிய நெடுங்கால ஆய்வுகளால்தான் தெரியும்.

மதிப்பீடு

சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் சில முடிவுகள் உறுதிப்படுகின்றன. மணமுறிவு தமிழ்ச் சமூகத்துக்குப் புதியதன்று. பல சமூகங்களில் அது இருந்தது, பின்னர் கௌரவத்தின் பெயரால் அடைக்கப்பட்டது, இப்போது சட்டத்தின் வழியே வேறு வடிவில் திறக்கிறது. எந்த ஒற்றைக் காரணமும் அதை முழுமையாக விளக்கவில்லை. குறைந்த விகிதத்தை நல்ல மணங்களின் சான்றாகக் கொள்ளவும் முடியாது. வன்முறையின் அளவும் தீர்ப்பின்றிப் பிரிந்தோரின் தொகையும் அதற்கு எதிராக நிற்கின்றன.

திறந்தே இருக்கும் கேள்விகள் மூன்று. நீதிமன்றம் வராமல் பிரிந்து வாழ்வோரின் வாழ்நிலையை எப்படி அறிவது? முறிவையே காரணமாக ஏற்கும் சட்டம், சொத்துப் பங்கோடு சேர்ந்து வந்தால் யாருக்குத் துணைசெய்யும்? பிரிந்த பெற்றோரின் குழந்தைகளுக்குச் சொந்தபந்தம் எந்த அளவு காப்பாகிறது? விவாகரத்து கூடுகிறதா குறைகிறதா என்ற வாதத்தைவிட இவை அவசரமானவை. மணத்தை விட்டு வெளியே வருபவர் பசியும் பழியும் இன்றி வாழ முடியாதவரை, உள்ளே இருப்பவர் விரும்பித்தான் இருக்கிறார் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மணத்தின் மதிப்பைக் காக்க நினைப்பவர்களும் விடுதலையின் மதிப்பைக் காக்க நினைப்பவர்களும் சேர்ந்து வேலைசெய்ய வேண்டிய இடம் அதுவே.